அம்பாசடர் போய் மாருதி வந்தபோது

1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் கோவை வட்டாரத்து நடுத்தர வீடுகள் பலவற்றில் அம்பாசடர் கார் போய் மாருதி 800 வந்தது. முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். அதை உடம்பால் அனுபவித்தவர்கள் குழந்தைகளும் வயதானவர்களும். சிங்காநல்லூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. வீட்டில் ஆறு பேர்: தந்தை, தாய், தந்தையைப் பெற்ற அப்பத்தா, மூன்று பிள்ளைகள். கார் மாறியபோது மூத்த பெண்ணுக்கு எட்டு வயது, நடுப்பையனுக்கு ஐந்து, கடைக்குட்டி இன்னும் தவழவில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைப் பக்கம் சொந்த ஊர். தென்னந்தோப்பும் சொந்தபந்தமும் அங்கே. அதனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை கார் என்றால் முதலில் கோவைக்கும் ஊருக்கும் இடையே ஓடுகிற வண்டி, மற்றதெல்லாம் பிறகு.

மாற்றத்துக்குக் காரணம் பெட்ரோல். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் கச்சா எண்ணெய் விலை ஏறியது. இந்தியாவிலும் பெட்ரோல் விலையை உயர்த்தினார்கள். ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைத் தொடுவதே பெரிது என்றிருந்த வண்டி, பம்ப்செட் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரருக்குக் கட்டுபடியாகவில்லை. அதுவரை பட்டறைச் சாமானும் அதே காரின் டிக்கியில்தான் வந்துபோனது. பட்டறைக்கென்று தனியாக ஒரு டெம்போ வாங்கிய பிறகு, வீட்டுக்கு அத்தனை பெரிய கார் எதற்கு என்ற பேச்சு எழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாருதிதான் சரி. பெட்ரோல் பாதியளவு குறையும். ஒப்பணக்கார வீதி நெரிசலிலும் நிறுத்த இடம் கிடைக்கும். பெரிய கார் அடைத்துக்கொண்டிருந்த வாசலில் பிள்ளைகள் விளையாடலாம். அந்தக் கணக்கில் சேராமல் போனது ஒன்று: வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்பது.

இரண்டு வண்டிகளும் வெவ்வேறு உலகத்தில் பிறந்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர், எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். முன்னாலும் பின்னாலும் நீள பெஞ்சு சீட்டு. கியர்க் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். மாருதி 800, குர்கானில் தயாராகி 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியின் கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட வண்டி. அதன் மூலம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துச் சிறு கார். ஜப்பானில் அந்த வகைக் கார்களுக்குச் சட்டமே அளவு வகுத்திருந்தது: அன்றைய விதிப்படி நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், இன்ஜின் 550 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. இந்தியாவுக்காக மூன்று சிலிண்டர் கொண்ட 796 சிசி இன்ஜினைப் பொருத்தினார்கள். 1986-இல் உடலமைப்பையும் மாற்றினார்கள். ஆனாலும் உடம்பு அந்தச் சிறு கார் உடம்புதான்: நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.44 மீட்டர்.

நீளத்தில் ஒரு மீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. குடும்பத்தை அழுத்தியதோ அகலத்தில் குறைந்த ஒரு சாண். நீளம் குறைந்தால் காலை மடக்கிக்கொள்ளலாம், மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாம். அகலம் குறைந்தால் தோளோடு தோள் இடிக்கும். அதற்கு மாற்று வழி கிடையாது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் அசைய மற்ற இருவரும் அசைய வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது அந்தச் சிறு காரின் சாமர்த்தியத்தையும் சொல்லவேண்டும். இன்ஜினைக் குறுக்கே படுக்க வைத்து, முன்சக்கரங்களையே ஓட்டவைத்ததால், பின்சக்கரத்துக்குத் தண்டு கொண்டுபோகும் மேடு தரையில் தேவைப்படவில்லை. இருந்த கொஞ்ச இடத்தில் பெரும்பகுதியை உட்காருபவர்களுக்கே கொடுத்த வடிவமைப்பு அது. நான்கு பேருக்கு நல்ல வண்டி. அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள் என்பதும், ஊருக்குக் கிளம்பினால் ஆறு எட்டாகிவிடும் என்பதும் குர்கான் அறிந்திருக்க நியாயமில்லை.

முதலில் இடம் இழந்தவன் நடுப்பையன். அம்பாசடரின் முன் பெஞ்சில் தந்தைக்கும் தாய்க்கும் நடுவே உள்ள இடம் அவனுடையது. கியர் ஸ்டீயரிங்கோடு இருந்ததால் அங்கே ஒரு குழந்தை தாராளமாக உட்கார முடிந்தது. எதிரே வரும் லாரி, சாலையோரப் புளியமரத்தின் சுண்ணாம்புப் பட்டை, மைல்கல் எல்லாவற்றையும் முதலில் பார்த்துச் சொல்வது அவன் உத்தியோகம். மாருதியில் முன்னால் இரண்டு தனித்தனி சீட்டு, நடுவில் கியர். அவன் பின்சீட்டின் நடு இடத்துக்கு வந்தான். முன்சீட்டுகளின் முதுகு அவன் கண் மட்டத்துக்கு மேலே நின்றது. இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லை, எதிரே சாலையும் இல்லை. சில நாள் அழுதான், பிறகு அக்காவைக் கிள்ளத் தொடங்கினான். சண்டைக்குக் காரணம் குணமல்ல, இடம். பிள்ளைகள் வண்டியில் சச்சரவு செய்தால் அதட்டுவதற்கு முன்பு அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருமுறை குனிந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தாய் அப்போது கண்டுகொண்டார்.

தீர்வும் அவரே செய்தார். ஜன்னலோரம் முறை வைத்து மாறியது. முறைக்கு எல்லைக்கல் ஊர்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு, கோவில்பாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒத்தக்கால்மண்டபம் வரை ஒருவர், கிணத்துக்கடவு வரை அடுத்தவர். கிணத்துக்கடவில் குன்றின்மேல் முருகன் கோயில் தெரிந்ததும் இடம் மாறவேண்டும் என்பதால், பெயர்ப்பலகை படிக்கத் தெரியாத பையனும் ஏமாற வழியில்லை. நேரத்தை வைத்துப் பிரித்திருந்தால் தகராறு தீர்ந்திருக்காது. கடிகாரம் பெரியவர்கள் கையில் இருந்தது. ஊர்கள் எல்லோருக்கும் பொது.

அடுத்த இழப்பு டிக்கி. ஊரிலிருந்து திரும்பும்போது தேங்காய் மூட்டை, வாழைத்தார், அரைத்த மிளகாய்த்தூள், மாட்டுப்பால் நெய் எல்லாம் அம்பாசடரில் வந்தன. டிக்கி நிறைந்தால் பின்சீட்டின் அடியில் போட்டு, அதன்மேல் பிள்ளைகள் கால் வைத்துக்கொள்வார்கள். பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த அகலமான பலகையில் துணிமணிகளும், சில சமயம் தூங்கிவிட்ட குழந்தையும்கூட இருக்கும். மாருதியின் டிக்கியில் ஒரு தகரப்பெட்டியை வைத்தால் கதவு மூடாது. இரும்புப் பெட்டிகள் பரணுக்குப் போயின. அவற்றின் இடத்துக்குத் துணிப்பைகள் வந்தன. மூலை முடுக்கில் அமுக்கி வைக்கலாம் என்பதே அவற்றின் தகுதி. கைக்குழந்தை உள்ள வீட்டில் சாமான் குறையவே குறையாது. நாப்கின் துணிகள், வெந்நீர் பிளாஸ்க், பால்பவுடர் டப்பா, மாற்றுச் சட்டைகள், தொட்டில் சேலை: இவை அனைத்தும் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், டிக்கியில் இருந்து பயனில்லை. அதனால் தாய் மூன்று பைகளாகப் பிரித்தார். போகும் வழியில் வேண்டியது அவர் காலடியில். போய்ச் சேர்ந்ததும் வேண்டியது டிக்கியில் மேலாக. இரவுக்கு வேண்டியது அடியில். அம்பாசடர்க் காலத்தில் இந்த யோசனைக்குத் தேவையே இருக்கவில்லை, கையில் கிடைத்ததை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் போதும்.

கூரைமேல் கேரியர் போட்டுப் பார்த்தார்கள். தேங்காய் மூட்டையை மேலே ஏற்றியதும் வண்டியின் கனம் மேலே போய்விட்டது. வளைவில் சாயும் உணர்வு எல்லோருக்கும் வந்தது. சுமார் 650 கிலோ எடையுள்ள வண்டியின் தலையில் மூட்டை ஏற்றுவது வேறு, ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் தலையில் ஏற்றுவது வேறு. காற்றை எதிர்த்து ஓடுவதால் பெட்ரோலும் கூடுதலாகச் செலவானது. எந்தக் காரணத்துக்காக வண்டியை மாற்றினார்களோ அதுவே அடிபட்டது. கேரியரைக் கழற்றிவிட்டு, தேங்காயை லாரி சர்வீசில் போட்டு அனுப்புவது என்று முடிவானது. பிள்ளைகளோடு போகும் வண்டியில் தலைச்சுமை வேண்டாம் என்ற அந்த முடிவு, பெட்ரோலுக்காக இல்லாவிட்டாலும் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

வண்டியின் சக்கரமும் சிறிது. அம்பாசடருக்கு 15 அங்குலச் சக்கரம், மாருதிக்கு 12 அங்குலம். சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும். பெரியது பல குழிகளைத் தாண்டிப் போய்விடும். ஆறு பேரும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தடையில் அடிவயிறு தட்டும். தந்தை வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மூத்தவளையும் பையனையும் இறங்கி நடக்கச் சொல்வார். அவர்கள் ஓடிப்போய் அந்தப் பக்கம் காத்திருப்பார்கள். மழைக்காலத்தில் கோவை லங்கா கார்னர் ரயில் பாலத்தடியில் தண்ணீர் நின்றால், சுற்றுவழியில் போகவேண்டியதுதான்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் கதவுத் தொல்லை புதிதல்ல. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த ஹெரால்ட் கார் தொடக்கத்தில் இரண்டே கதவுகளோடு வந்தது. பின்னால் போக வேண்டியவர்கள் முன்சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். அதோடு ஒப்பிட்டால் மாருதியின் நான்கு கதவுகள் பெரிய வசதி. ஆனால் அம்பாசடரின் பின்கதவு அகலமானது, சீட்டு உயரமானது. சேலை கட்டிய ஒரு வயதான பெண்மணி தலையைப் பெரிதாகக் குனியாமல், வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல அதில் உட்கார முடிந்தது. மாருதியின் சீட்டு தாழ்வு, கதவு குறுகல், கூரை இறக்கம். முழங்கால் வலி உள்ள அப்பத்தாவுக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து எதிராக நின்றன.

"ஏறறதுக்கு ஒண்ணுமில்லீங் கண்ணு, எறங்கறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார் அப்பத்தா.

அவருக்காக ஒரு முறை உருவானது. முதலில் வெளியே முதுகைக் காட்டி நின்று, கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, சீட்டின் ஓரத்தில் உட்காருவது. பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது. இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக. காலை முதலில் உள்ளே வைத்து நுழைய முயன்றால் உடம்பின் பாரம் முழுக்க ஒற்றை முழங்காலில் விழும். அதுதான் வலிக்குக் காரணம். இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் சீட்டு இன்னும் தாழ்ந்துவிடும். அதனால் அப்பத்தா இறங்க வேண்டிய இடங்களில் வண்டி சாலையின் மட்டத்திலேயே, ஓரத்திலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்றது. கைக்குழந்தையை ஏற்றும்போதும் இதே கவனம் தேவைப்பட்டது. தாழ்ந்த கூரைச் சட்டத்தில் குழந்தையின் தலை இடிக்காமல் இருக்க, குழந்தையோடு குனிவதை விட்டுவிட்டு, தாய் முதலில் உட்கார்ந்து, வெளியே நிற்பவர் குழந்தையை மடியில் தருவது வழக்கமாயிற்று.

சித்தி வீடு வால்பாறையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில். சிறிய காரின் குறை நிறை எல்லாம் அந்த வழியில் ஒரே நாளில் தெரிந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணை வரை சமவெளி. அணையையும் குரங்கு அருவியையும் தாண்டியதும் மலை ஏற்றம். வால்பாறைக்குப் போய்ச் சேரும்வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஏற்றத்தில் மாருதி இரண்டாம் கியரை விட்டு மேலே போகாது. வளைவில் முதல் கியர். இரைச்சல் அதிகம். ஆனால் சிறிய வண்டி என்பதால் வளைவை ஒரே வீச்சில் எடுத்துவிடும். அம்பாசடரில் எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருந்த வளைவுகளில் மாருதி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.

வாந்திதான் புதிய தொல்லை. அம்பாசடரில் இதே மலையை ஏறியபோது பையன் வாந்தி எடுத்ததில்லை. மாருதியில் ஐந்தாறு வளைவுக்குள் முகம் வெளுத்துவிடும். வண்டியில் வரும் வாந்திக்குக் காரணம் வயிறு இல்லை. உடம்பு திரும்புவதையும் ஆடுவதையும் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கண்ணுக்கு முன்னால் அசையாத சீட்டு முதுகு மட்டும் தெரிந்தால், கண் ‘அசைவில்லை’ என்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே அதிகம். அம்பாசடரின் முன் பெஞ்சில் உட்கார்ந்து சாலை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே போனவன், இப்போது எதுவும் தெரியாத நடு இடத்தில் இருந்தான். கடைக்குட்டி தாயின் மடியில் நிம்மதியாகத் தூங்கியதையும் இதுவே விளக்குகிறது.

அப்பத்தா நார்த்தங்காய் ஊறுகாயும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். நாக்கில் புளிப்புப் பட்டால் குமட்டல் சற்று அடங்குவதாகப் பிள்ளைகளும் சொன்னார்கள். உண்மையான மாற்றம் மூன்று காரியங்களால் வந்தது. மலை அடிவாரத்தில் ஜன்னல் முறையை நிறுத்திவைத்து, பையனை ஜன்னலோரத்துக்கு மாற்றி, தூரத்து மலைமுகட்டைப் பார்க்கச் சொன்னார்கள். புத்தகம் படிப்பதற்கு மூத்தவளுக்குத் தடை. கிளம்பும்போது வயிறு முட்ட இட்லி ஊட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஆழியாறில் நிறுத்திக் கொஞ்சமாகச் சாப்பிட வைத்தார்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே எல்லோரையும் இறக்கிவிட்டு, கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தெரியும்படி நிற்க வைப்பார்கள். காற்றும் அசையாத தரையும் கிடைத்தால் ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகளின் நிறம் திரும்பிவிடும். அட்டகட்டியில் இன்னொரு நிறுத்தம். அம்பாசடரில் நிற்காமல் ஏறிய மலை, மாருதியில் நின்று நின்று ஏறும் மலையாயிற்று. பிள்ளைகள் மலையை அறிந்ததும், வரையாடு பார்த்ததும், வளைவு எண்களை மனப்பாடம் செய்ததும் அந்த நிறுத்தங்களில்தான்.

வெயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர்கள் வாங்கியது ஏசி இல்லாத வண்டி. அம்பாசடரின் முன்கதவில் இருந்த சிறு முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று உள்ளே வளைந்து வரும். மாருதியில் அது கிடையாது. ரெக்சின் சீட்டின்மேல் பருத்தித் துண்டு விரித்தார்கள். சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஐந்து மணிக்குள் கிளம்பி, வெயில் ஏறும் முன் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். திரும்புவது சாயங்காலம்.

வண்டி மாறியதால் வீட்டில் நடந்த பெரிய காரியம், தாய் கார் ஓட்டக் கற்றது. அம்பாசடரின் ஸ்டீயரிங்கும் கிளட்ச்சும் கனம். அதை ஓட்டும் ஆசையே அவருக்கு வந்ததில்லை. மாருதி லேசான வண்டி, குறுகிய இடத்தில் திரும்பும், முன்னும் பின்னும் எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். தமிழ்நாட்டு நகரங்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் கார் ஓட்டக் கற்றது இந்த வண்டியில்தான். திருச்சி சாலை நெரிசலில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, குழந்தைக்கு ஊசி போட்டு வருவது எல்லாம் அவர் கைக்கு வந்தது. அதோடு புதுக் கேள்வி ஒன்றும் வந்தது: தாய் ஓட்டினால் கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது? எட்டு வயதுப் பெண்ணின் மடியில் கொடுப்பதற்கு அப்பத்தா சம்மதிக்கவில்லை. முழங்கால் வலியோடு அவரே பின்சீட்டில் ஏறினார். தினமும் ஏறி இறங்கி, அந்தத் தாழ்ந்த சீட்டு அவருக்குப் பழகிப்போனது. மருமகளும் மாமியாரும் வேறு யாருமில்லாமல் ஒன்றாக வெளியே போய்வந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

மற்ற எல்லாக் குறைகளுக்கும் வழி கண்டுபிடித்தவர்களால் சொந்தபந்தத்தை ஏற்றிக்கொள்ள முடியாமல் போனதற்கு மட்டும் வழி காண முடியவில்லை. அம்பாசடர் அந்த வீட்டுக்கு மட்டும் உரிய வண்டியாக இருந்ததில்லை. முகூர்த்த நாளில் பெரியப்பா வீட்டார், எதிர்வீட்டு அக்கா, தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் என்று யார் வாசலில் நின்றாலும், "ஏறிக்குங்க, போற வழிதானுங்களே" என்று சொல்லிவிடலாம். முன்னால் நால்வர், பின்னால் ஐவர், அவர்கள் மடியில் குழந்தைகள். அப்படி ஏற்றிப்போவது ஆபத்து என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பத்திடம் வண்டி இருந்தால் அது உறவுக்கும் பொது என்ற எண்ணம் அதனால் நிலைத்திருந்தது. மாருதியில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. சொன்னால் சொந்தப் பிள்ளையை இறக்கிவிட வேண்டும். வாசலில் நிற்பவர்களும் இதைப் புரிந்துகொண்டு, கார் கிளம்பும் நேரத்தில் வாசலில் நிற்பதைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். வண்டி சிறிதானதால் வந்த இழப்புகளில் இதுதான் பெரிது.

மூத்தவளுக்குப் பழனியில் மொட்டை அடித்துக் காது குத்தியபோது, தாய்மாமன் குடும்பமும் இவர்களும் ஒரே அம்பாசடரில் உடுமலை வழியாகப் போய் வந்தார்கள். கடைக்குட்டியின் முறை வந்தபோது மாமன் குடும்பம் பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. கைபேசி இல்லாத காலம். அடிவாரத்தில் பாத விநாயகர் கோயில் முன்னால் சந்திப்பது என்று பேச்சு. பஸ் தாமதமாகி, நல்ல நேரம் முடியப் போகிறது என்ற தவிப்பில் இரு வீட்டாரும் காத்துக் கிடந்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். அவர் வந்து சேராமல் எதுவும் நடக்காது. அதன் பிறகு இந்த வீட்டில் ஒரு நியதி ஏற்பட்டது: குடும்பக் காரியத்துக்குப் போகும்போது, மாமன் போன்ற முறைகாரருக்குத்தான் காரில் முதல் இடம், சொந்த வீட்டுப் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் பஸ்ஸில் வருவார்கள்.

அந்தப் பெரியவர் பெரும்பாலும் அப்பத்தா. உக்கடம் பஸ் நிலையத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினால் ஜன்னலோர சீட்டு, காலை நீட்ட இடம், உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வசதி எல்லாம் உண்டு. அன்று கோவை வட்டாரத்தில் ஓடியவை சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள். அப்பத்தாவோடு துணைக்குப் போகிற பிள்ளைக்குக் கிணத்துக்கடவில் கடலை உருண்டை நிச்சயம். தண்டனையாகத் தொடங்கியது சில மாதங்களில் போட்டியாக மாறி, அதற்கும் முறை வைக்க வேண்டியதாயிற்று. காரில் போனவர்கள் முன்னால் போய்ச் சேர்ந்து, ஊர் நிறுத்தத்தில் காத்திருந்து, அப்பத்தாவை அழைத்துக்கொள்வார்கள்.

கடைக்குட்டி பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது மடி இடம் தீர்ந்துபோனது. மூன்று பிள்ளைகளுக்கும் முழு இடம் வேண்டியிருந்தது. மூத்தவளின் முழங்கால் முன்சீட்டை முட்டியது. சமாளிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2000-இல் டொயோட்டா குவாலிஸ் வந்ததும், அதுபோன்ற கூட்டுக் குடும்பங்கள் பலவும் அந்த வண்டியைத் தேடிப் போயின. இவர்களும் சில ஆண்டுகள் கழித்து, ஒருவர் ஓட்டிய குவாலிஸ் ஒன்றை வாங்கினார்கள். மாருதியை விற்கவில்லை, அது தாயின் வண்டியாக நின்றது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பும் நின்றது.

இன்று சிறு குழந்தைகளோடு சிறிய காருக்கு மாறும் குடும்பத்துக்கு இந்த அனுபவத்தில் எடுத்துக்கொள்ளக் கூடியதும் கூடாததும் உண்டு. 1994-இல்தான் இந்தியாவில் புதுக் கார்களின் முன்சீட்டுகளுக்குப் பெல்ட் கட்டாயமாயிற்று. பிள்ளைகளுக்கென்று தனிச் சீட்டு இருப்பதே அன்று அந்த வீட்டுக்குத் தெரியாது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது பாசத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஆனால் நடுத்தர வேகத்தில் மோதினால்கூட எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தையின் எடை அந்தக் கணத்தில் பல மடங்காகிவிடும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சீட்டோ இல்லாமல் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தைச் சீட்டு வாங்குமுன் அதைக் காரின் பின்சீட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். சிறிய காரில் அதை வைத்தபின் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார முடியாமல் போகலாம்; கைக்குழந்தைக்கான சீட்டைப் பின்னோக்கி வைக்க வேண்டும் என்பதால் முன்சீட்டையும் நகர்த்த நேரும். அப்போது ஆறு பேர் கொண்ட வீட்டில் இருவராவது பஸ்ஸில்தான் போக வேண்டும். அந்த இருவர் யார் என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.